ஆற்றுக்குப் பூட்டுப் போட்ட கதை



அமெரிக்காவில் "அரசு முடக்கம்" என்று செய்தி வரும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் கேட்பீர்கள்: "ஐயா, கடையை மூடலாம், பள்ளிக்கூடத்தை மூடலாம். ஒரு அரசாங்கத்தை எப்படி மூடுவது?" நல்ல கேள்வி. சம்பளம் நின்றது, விமான நிலையத்தில் வரிசை நீண்டது என்பதெல்லாம் செய்தித்தாளிலேயே வந்துவிடுகிறது. அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அரசு முடங்கியபோது அந்த நாட்டில் ஒரு ஆற்றையே மூடியிருக்கிறார்கள். ஆற்றைப் பூட்ட முடியுமா என்றால், முடியும். அதன் வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முடக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு விதி உண்டு. காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், சட்டம் போட்டு ஒதுக்காத ஒரு காசைக்கூடக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது. விதி இருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் அரசுத் துறைகள் ஒரு தந்திரம் செய்தன. ஒரு வருடப் பணத்தைச் சில மாதங்களிலேயே செலவழித்துவிட்டு, "தீர்ந்துவிட்டது, இன்னும் கொடுங்கள்" என்று வந்து நிற்கும். ஆட்களைச் சும்மா வேலை செய்யவைத்துவிட்டு, பிறகு அவர்களுக்குக் கூலி கேட்கும். இதைத் தடுக்க 1870-இல் ஒரு சட்டம் வந்தது. 1884-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது. அதோடு, ஒருவர் சம்பளம் வேண்டாம் என்று இலவசமாகச் செய்யும் வேலையைக்கூட அரசு ஏற்கக் கூடாது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும் அவசரத்துக்கு மட்டும் விலக்கு. இன்றைய சட்டப்படி வேண்டுமென்றே மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. "இலவச வேலையும் கூடாது" என்ற இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சட்டம் இப்படி இருந்தாலும் நூறு ஆண்டுகள் யாரும் அலுவலகத்தை மூடவில்லை. நிதி மசோதா தாமதமானால், "எப்படியும் நிறைவேறிவிடும்" என்று வேலை தொடர்ந்து நடக்கும். 1980-இல்தான் மாறியது. ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, "சட்டத்தைச் சட்டமாகப் படித்தால், பணம் ஒதுக்காத துறை வேலையை நிறுத்தத்தான் வேண்டும்" என்ற பொருளில் கருத்துரை கொடுத்தார். உயிர், உடைமை காக்கும் வேலைகள் மட்டும் தொடரலாம் என்று 1981-இல் விளக்கினார். நாம் இன்று செய்தியில் பார்க்கும் முடக்கம் அங்கே பிறந்ததுதான்.

நம் நாட்டில் இது ஏன் நடப்பதில்லை என்று கேட்பீர்கள். நம் அரசியல் சட்டத்தின் 116-ஆவது பிரிவு இடைக்காலச் செலவுக்கு வழி வைத்திருக்கிறது. பட்ஜெட்டை மக்களவை தோற்கடித்தால் அரசே பதவி விலகும், வேறு அரசு வரும். அமெரிக்காவில் அதிபரைத் தனியாகவும் காங்கிரஸைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டை வந்தால் இருவரும் பதவியில் அப்படியே இருப்பார்கள், வேலைதான் நிற்கும்.

இப்போது ஆற்றுக்கு வருவோம்

கொலராடோ ஆற்றைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அரிசோனா மாநிலத்தில் அது அறுத்த பள்ளம்தான் கிராண்ட் கேன்யன். அதில் முதன்முதலில் முறையான ஆய்வுப் பயணம் செய்தவர் ஜான் வெஸ்லி பவல். அவரும் ஒரு வாத்தியார், நிலவியல் பேராசிரியர். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். 1869 மே 24 அன்று பத்துப் பேர், நான்கு படகுகளோடு புறப்பட்டு, மூன்று மாதத்துக்கும் மேல் கழித்து ஆகஸ்ட் 30 அன்று ஆறு பேராகக் கரை சேர்ந்தார்கள். ஒருவர் வழியிலேயே விலகினார். மூன்று பேர் கடைசிக் கட்டத்தில் "இதற்கு மேல் ஆற்றில் வர மாட்டோம்" என்று மேலே ஏறிப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை.

அப்படிப்பட்ட ஆற்றில் நூறு ஆண்டுக்குள் மக்கள் பொழுதுபோக்காகப் படகு விட ஆரம்பித்துவிட்டார்கள். காற்றடைத்த ரப்பர் படகு வந்தது ஒரு காரணம். 1963-இல் மேலே கிளென் கேன்யன் அணையை மூடி, நீர்வரத்தை ஓர் அளவில் வைத்தது இன்னொரு காரணம். 1972-இல் ஒரே ஆண்டில் 16,000 பேருக்கு மேல் ஆற்றில் இறங்கினார்கள். கரையோர மணல் திட்டுகளில் குப்பையும் கரியும் மலமும் சேர்ந்தன. தேசியப் பூங்கா சேவை, "இத்தனை பேர்தான், இத்தனை நாள்தான்" என்று வரம்பு போட்டது. வரம்பு போட்டவுடன் வரிசை வந்தது. சொந்தமாகப் படகு ஓட்டிப் போக விரும்பியவர்களின் காத்திருப்புப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பத்து ஆண்டு, அதற்கும் மேல் காத்தவர்கள் உண்டு. 2006-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டுக் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். பெரிய குழு என்றால் 16 பேர், சிறியது என்றால் 8 பேர். ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறைதான் போகலாம்.

குலுக்கலில் பெயர் விழுந்தாலும் நினைத்தபடி இறங்க முடியாது. புறப்படும் இடம் லீஸ் ஃபெர்ரி. அணைக்கு 15 மைல் கீழே இருக்கிறது. மற்ற இடங்களில் ஆறு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே போகிறது. வண்டியை ஆற்றங்கரை வரை கொண்டுபோகக்கூடிய இடம் அந்த வட்டாரத்தில் இதுதான். அங்கே பூங்காவின் ரேஞ்சர் ஒருவர் நிற்பார். அடையாள அட்டையைப் பார்ப்பார். உயிர்காப்புச் சட்டை, மருந்துப் பெட்டி, அடுப்பு, உதிரித் துடுப்பு எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஆற்று ஒழுக்கத்தைப் பாடம்போலச் சொல்வார். எரித்த சாம்பலைக்கூடக் கையோடு எடுத்துவர வேண்டும். மனிதக் கழிவையும் இரும்புப் பெட்டியில் அடைத்துக் கடைசி வரை சுமந்துவர வேண்டும். சிரிக்காதீர்கள், அந்தப் பெட்டிக்கு அங்கே "குரூவர்" என்று பெயர். முன்பெல்லாம் பட்டாளத்துத் தோட்டாப் பெட்டியைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் இரண்டு கோடு பதிந்துவிடும். கோட்டுப் பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லே பெட்டிக்குப் பெயராகிவிட்டது.

லீஸ் ஃபெர்ரியிலிருந்து டயமண்ட் கிரீக் வரை 226 மைல், நம் கணக்கில் 360 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை நீள ஆற்றுக்கும் நடைமுறையில் வாசல் ஒன்றுதான். வாசல் ஒன்றாக இருப்பதால்தான் அதைப் பூட்டவும் முடிகிறது.

1995: ஆளுநரும் வீரர்களும்

1995 நவம்பரில் அதிபர் பில் கிளின்டனுக்கும், கீழவைத் தலைவர் நியூட் கிங்ரிச்சின் குடியரசுக் கட்சிக்கும் பட்ஜெட் சண்டை முற்றியது. நவம்பர் 14 முதல் அரசு முடங்கியது. 1919-இல் தேசியப் பூங்காவாக ஆன கிராண்ட் கேன்யன், முதல் முறையாக மூடப்பட்டது.

அரிசோனாவுக்குப் பொறுக்கவில்லை. ஆளுநர் ஃபைஃப் சைமிங்டன், ஆயுதம் இல்லாத தேசியக் காவல் படை வீரர்களை அழைத்துக்கொண்டு பூங்கா வாசலுக்கே போனார். "நீங்கள் நடத்தாவிட்டால் நாங்கள் நடத்துகிறோம்" என்பது அவர் வாதம். அங்கே நம் ஊர் ஆளுநர் மாதிரி நியமனம் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் நிலத்துக்குள் மாநில வீரர்கள் போவதா என்று நாடே பார்த்தது. கடைசியில் மோதல் இல்லாமல் பேசி முடித்தார்கள். மாநிலம் பணம் கொடுத்தது, பூங்காவின் ஒரு பகுதி திறந்தது. சைமிங்டன் செய்தது அரசியல்தான். ஆனால் மத்திய அரசின் பூங்காவை மாநிலப் பணத்தில் திறக்கலாம் என்ற வழி அந்த நாளில்தான் உண்டானது.

2013: வாசலில் நின்ற படகுகள்

ஆற்றைப் பொறுத்தவரை பெரிய அடி 2013-இல்தான். அவர்களுடைய நிதியாண்டு 1976-இலிருந்து அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. நிதி மசோதா நிறைவேறாவிட்டால் முடக்கம் வரும் முதல் நாளும் அதுதான். ஆற்றுக்காரர்களுக்கோ அக்டோபர் பொன்னான மாதம். செப்டம்பர் 15-உடன் மோட்டார் படகுக் காலம் முடிந்துவிடும். பிறகு துடுப்பு மட்டும்தான். சத்தம் இல்லை, வெயிலும் தணிந்திருக்கும். காத்திருந்து குலுக்கலில் ஜெயித்தவர்களில் பலருக்குப் பிடித்த காலம்.

2013 அக்டோபர் 1 அன்று பூட்டு விழுந்தது. ஏற்கெனவே ஆற்றில் இருந்தவர்கள் பயணத்தை முடிக்கலாம்; புதிதாக யாரும் இறங்கக் கூடாது. பூங்காவுக்குள் விடுதிகளில் தங்கியிருந்தவர்களுக்கு 48 மணி நேரக் கெடு. ஒரு குழுவின் நிலையை எண்ணிப் பாருங்கள். பதினாறு பேர் நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் விடுப்புப் போட்டு வந்திருப்பார்கள். ரப்பர் படகுகளை வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று வாரச் சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, பனிக்கட்டி நிரப்பி வைத்திருப்பார்கள். கண்ணெதிரே தண்ணீர் ஓடுகிறது. கால் வைக்க முடியாது.

தண்ணீர் நிற்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கிளென் கேன்யன் அணையும் மத்திய அரசுடையதுதான். ஆனால் கொலராடோ நீரை ஏழு மாநிலங்கள் பங்கிடுகின்றன. சுமார் 4 கோடி மக்கள் அதை நம்பியிருக்கிறார்கள். மின்சாரமும் எடுக்க வேண்டும். அதனால் அணை வேலை நடக்கும். மேற்கு வர்ஜீனியாவில் காலி என்ற ஆறும் இப்படித்தான். குளிர்கால வெள்ளத்துக்கு இடம் வைக்க, சம்மர்ஸ்வில் அணை நீரை இலையுதிர் காலத்தில் இறக்க வேண்டும். அந்த நீரைப் படகோட்டிகளுக்கு ஏற்ற நாட்களில் விட 1986-இல் சட்டமே இருக்கிறது. அதன் பருவத்தின் ஒரு பகுதியும் அக்டோபரில் விழுகிறது.

"ரேஞ்சர்கள் நல்ல மனிதர்கள்தானே, சம்பளம் இல்லாமல் வந்து பத்துக் குழுவை இறக்கிவிட்டுப் போகலாமே" என்று தோன்றும். முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன 1884-ஆம் ஆண்டு வரி இங்கேதான் வந்து நிற்கிறது. இலவசமாகச் செய்தாலும் குற்றம். வாத்தியார் விடுமுறையில் வந்து பாடம் எடுத்தால் ஜெயில் என்பது மாதிரி! அதிகாரிகளின் கருவூலத் தந்திரத்தை அடக்கப் போட்ட கட்டு, 129 ஆண்டு கழித்து ஆற்றங்கரையில் படகுக்காரனின் காலைக் கட்டியது. வரலாற்றில் சட்டங்கள் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை.

இன்னொரு பொருத்தத்தையும் பாருங்கள். அணை கட்டாமல் சில ஆறுகளை ஓடவிட்டுக் காக்க வேண்டும் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டது 1968 அக்டோபர் 2. முதலில் எட்டு ஆறுகள். இன்று 200-க்கு மேல். அந்தச் சட்டத்தின் 45-ஆவது ஆண்டு நிறைவு, முடக்கத்தின் இரண்டாம் நாளில் வந்தது.

மாநிலங்கள் பழைய வழியை எடுத்தன. யூட்டா மாநிலம் 10 நாளுக்கு 16.7 லட்சம் டாலர் கட்டி எட்டு இடங்களைத் திறந்தது. அரிசோனா 7 நாளுக்கு 6,51,000 டாலர், அதாவது நாளொன்றுக்கு 93,000 டாலர் கட்டியது. அக்டோபர் 12 அன்று கிராண்ட் கேன்யன் திறந்தது. லீஸ் ஃபெர்ரி அரிசோனாவில் இருந்தாலும், அது கிளென் கேன்யன் பொழுதுபோக்குப் பகுதியைச் சேர்ந்தது. அந்தப் பகுதி யூட்டா பணம் கட்டிய பட்டியலில் இருந்தது. ஆக வாசலுக்கு ஒரு மாநிலத்தின் பணம், உள்ளே இருக்கும் ஆற்றுக்கு இன்னொரு மாநிலத்தின் பணம்! அதே பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி ஹுவாலபாய் பழங்குடியினரின் சொந்த நிலம். அவர்கள் நடத்தும் கண்ணாடிப் பாலம் முடக்கத்திலும் திறந்தே இருந்தது.

16 நாளில் முடக்கம் முடிந்தது. பூங்காக்களை ஒட்டிய ஊர்களில் பயணிகள் செலவழித்திருக்கக்கூடிய 41.4 கோடி டாலர் இழப்பு என்று பூங்கா சேவையே பிறகு கணக்குச் சொன்னது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரசு ஊழியர்களுக்குப் பின்னால் சம்பளம் வந்தது. 2019-இலிருந்து அதற்கு நிரந்தரச் சட்டமும் இருக்கிறது. படகு ஓட்டும் வழிகாட்டிக்கும், படகை வாடகைக்கு விடுபவருக்கும், சமையல் சாமான் கட்டிக் கொடுப்பவருக்கும் அந்தச் சட்டம் இல்லை. பருவம் போனால் போனதுதான்.

2018-19: காவல் இல்லாத திறப்பு

2013 பூட்டைப் பலர் திட்டினார்கள். தலைநகரில் திறந்தவெளியில் இருக்கும் போர் நினைவிடத்துக்கே தடுப்பு வைத்தார்கள். வயதான போர்வீரர்கள் வந்தபோது அந்தத் தடுப்பு விலக்கப்பட்டது. மக்களுக்கு வலிக்க வேண்டும் என்றே மூடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் நீடித்த அடுத்த பெரிய முடக்கத்தில், டொனால்ட் டிரம்ப் அரசு நேர் எதிராக நடந்தது. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பல பூங்காக்களின் வாசலைத் திறந்தே விட்டது. கேட்க இனிக்கிறது. ஆனால் குப்பைத் தொட்டிகள் வழிந்தன, கழிப்பறைகள் நிரம்பின. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் வண்டிகள் பாதையை விட்டு ஓடின, மரங்கள் சேதமாயின. கிராண்ட் கேன்யன் தப்பித்தது. கழிப்பறைச் சுத்தத்துக்கும் குப்பை அள்ளவும் பனி ஒதுக்கவும் அரிசோனா பணம் கொடுத்தது. பிற பூங்காக்களைச் சமாளிக்க, நுழைவுக் கட்டணமாக வசூலித்து வைத்திருந்த பணத்தை எடுத்தார்கள். அது சட்டத்தை மீறிய செயல் என்று காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2019 செப்டம்பரில் சொன்னது. மீறியதாகச் சொன்ன சட்டங்களில் ஒன்று, நாம் முதலில் பார்த்த அதே பழைய சட்டம்.

2025 அக்டோபர் 1-இல் தொடங்கியது 43 நாள் நீடித்தது. அதுவரை வந்த முடக்கங்களிலேயே நீளமானது. இந்த முறையும் சாலைகள், நடைபாதைகள், திறந்தவெளி இடங்கள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. 2013 போல ஆற்றுக்கு மொத்தப் பூட்டு விழவில்லை.

எனக்குத் தோன்றுவது

மூன்று விடைகளைப் பார்த்துவிட்டோம்: பூட்டுவது, மாநிலப் பணத்தில் திறப்பது, காவல் இல்லாமல் திறந்துவிடுவது. முதல் விடை கொடுமையாகத் தெரிகிறது, மூன்றாவது கருணையாகத் தெரிகிறது. எனக்கு மூன்றாவதுதான் அதிகக் கவலை தருகிறது.

பூட்டினால் இந்தத் தலைமுறையில் சிலருக்குப் பயணம் போகும். அது பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. பத்து ஆண்டு காத்தவனிடம் "அடுத்த முறை பார்க்கலாம்" என்பது எளிதல்ல. ஆனால் கேட்பார் இல்லாமல் திறந்துவிட்டால், 1970-களில் மணல் திட்டுகளுக்கு என்ன ஆனதோ அது மீண்டும் வரும். ஆறு எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்வது சுலபம். அந்தச் சொந்தத்தைத் தினமும் நடத்திக் காட்டுபவர் லீஸ் ஃபெர்ரியில் நின்று உயிர்காப்புச் சட்டையை எண்ணிப் பார்க்கும் அந்த ஒரு ஊழியர்தான். வருபவர்களுக்கு முறை வைத்து, இன்று உன் நாள், நாளை அவன் நாள் என்று பிரித்துக் கொடுப்பவரும் அவர் துறைதான். அவர் இல்லாத ஆற்றில் வலுத்தவன் முதலில் இறங்குவான். மற்றவன் அவன் விட்ட குப்பையில் முகாம் போடுவான்.

மாநிலம் பணம் கட்டுவது நல்ல வழி மாதிரி தெரியும். ஆனால் கிராண்ட் கேன்யன் வருமானம் கொட்டும் இடம், அதனால் பணம் கட்ட ஆள் வந்தது. பேர் தெரியாத சின்ன ஆற்றுக்கு எந்த மாநிலம் பெட்டியைத் திறக்கும்?

இதில் ரேஞ்சர் குற்றவாளி இல்லை, படகுக்காரரும் இல்லை. பட்ஜெட்டைக் காலத்தில் நிறைவேற்ற வேண்டியவர்கள் ஆற்றங்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறார்கள். முடக்கத்தின்போதும் அவர்களுடைய சம்பளம் நிற்பதில்லை. அரசியல் சட்டமும் நிரந்தரச் சட்டங்களும் அதைக் காக்கின்றன. பிள்ளைகளே, தேர்வில் கேட்டால் முடக்கத்துக்குக் காரணம் "நிதி மசோதா நிறைவேறாமை" என்று எழுதுங்கள், முழு மதிப்பெண் உண்டு. அதோடு, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதினால் எனக்கு மகிழ்ச்சி.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களுக்கும் உறவுகளுக்கும் ஒரு சின்ன யோசனை. அக்டோபரில் பூங்காவுக்கோ ஆற்றுக்கோ திட்டம் போட்டால், செப்டம்பர் கடைசி வாரத்தில் வாஷிங்டன் செய்தியை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும்படி முன்பதிவு செய்யுங்கள். அந்த நாட்களில் போக நேர்ந்தால், உங்கள் குப்பையோடு பக்கத்தில் கிடக்கும் இன்னொருவர் குப்பையையும் எடுத்து வாருங்கள். அதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

உங்களில் யாராவது அந்த ஆற்றில் போயிருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்